கீசர் பாயிண்ட்டை நானே இழுக்கலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா? (காரிமங்கலம், பழைய வீடு)

காரிமங்கலத்தான் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு காரிமங்கலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கொட்டாயில் (சின்ன ஊர்) இருக்கிறது. 1998-இல் அப்பா கட்டியது, வயரிங்கும் அப்போது போட்டதுதான். மார்கழிக் குளிருக்குள் அம்மாவுக்குக் கீசர் மாட்டிவிட வேண்டும் என்று 15 லிட்டர், 2000 வாட்டில் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு வாரமாக அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டால் "நாளைக் காலையில வந்துடறேன்" என்கிறார். அந்த நாளைக் காலை இன்னும் விடியவில்லை. வந்தாலும் கூலி மட்டும் 1,500 ஆகுமாம்.

எனக்கு வேலை சுத்தமாகத் தெரியாது என்று இல்லை. சுவிட்ச் மாற்றியிருக்கிறேன், ஃபேன் கண்டன்சர் மாற்றியிருக்கிறேன், ட்யூப் லைட் எல்லாவற்றையும் எல்.இ.டி. ஆக்கியிருக்கிறேன். குளியலறைக்கு வெளியே ஒரு சுவிட்ச் போர்டு உண்டு. உள்ளே எரியும் பல்புக்கு ஒரு சுவிட்ச், பக்கத்தில் ஒரு சின்ன சாக்கெட். அதிலிருந்து ஒயர் இழுத்து, பெரிய 16 ஆம்ப் சாக்கெட் ஒன்று போட்டு, கீசரைச் சொருகிவிடலாம் என்பது என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர வேலை. செய்யலாமா, இல்லை அவருக்கே காத்திருக்கட்டுமா?

இதற்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று. கிரைண்டரைத் தொட்டால் சில நாள் அம்மாவுக்குக் கை சுர்ரென்கிறதாம். பழைய கிரைண்டர், மோட்டார் வீக் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.


பெங்களூர்_பஸ் | சனி, இரவு 9.58

தாராளமாகச் செய்யுங்கள். வாராவாரம் கிருஷ்ணகிரி வருகிறேன், வீட்டில் எந்தக் கரண்ட் வேலைக்கும் ஆள் கூப்பிட்டு ஐந்து வருடம் ஆகிறது. மெயினை அணை, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, பச்சைக்குப் பச்சை. இதில் என்ன மந்திரம் இருக்கிறது? அவருக்குக் கொடுக்கிற 1,500-இல் மல்டிமீட்டர், கட்டிங் பிளையர், டெஸ்டர் எல்லாம் வாங்கினால் காலத்துக்கும் வீட்டில் கிடக்கும்.


மாங்கொட்டை | சனி, இரவு 10.05

கீசர் வந்த அட்டைப்பெட்டியை அடுப்பில் போட்டால் இன்றைக்கே அம்மாவுக்கு வெந்நீர் ரெடி.


ஓசூர்_ஷிப்ட் | சனி, இரவு 10.31

தம்பி, அந்தக் குளியலறை போர்டுக்கு வரும் ஒயர் என்ன தடிமன்? அந்தக் காலத்து வீட்டில் லைட் பாயிண்ட் என்றால் பெரும்பாலும் 1 ஸ்கொயர் எம்.எம். தான் இருக்கும். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 8.7 ஆம்பியர் வரும். அயர்ன் பாக்ஸ் மாதிரி விட்டு விட்டு எடுக்கிற லோடும் இல்லை. தண்ணீர் சூடாகும் வரை கால் மணி, இருபது நிமிடம் ஒரே இழுப்பாக இழுக்கும். அதே லைன்தான் ஹால் லைட், ஃபேன் எல்லாவற்றுக்கும் போயிருக்கும்.

அந்த ஒயர் முதல் நாளே எரிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, தெரிந்துபோகும். எரியாது. சுவருக்குள் பைப்பில் காற்றுப் படாமல் தினமும் கொஞ்சம் சூடாகி, மேல்தோல் காய்ந்து, எங்கோ முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட்டில் கருக ஆரம்பிக்கும். உங்கள் 16 ஆம்ப் சாக்கெட் பளபளவென்றுதான் இருக்கும். வாய் பெரிதாகி என்ன பயன், தொண்டை பழைய தொண்டைதானே?

கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். 2.5 ஸ்கொயர், தூரம் அதிகம் என்றால் 4. தனியாக ஒரு 16 ஆம்ப் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக விழுகிற சுவிட்ச்). அந்த லைனில் வேறெதுவும் தொங்கக் கூடாது. அப்புறம், எம்.சி.பி. இருப்பது கீசரைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. அடிக்கடி விழுகிறது என்று 10-ஐக் கழற்றிவிட்டு 32-ஐ மாட்டுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அந்தக் காலத்தில் பியூஸ் போகவே கூடாது என்று பியூஸ் கட்டையில் கெட்டிக் கம்பி கட்டிய அதே ஆட்கள்தான், இப்போது எம்.சி.பி.க்கு வந்திருக்கிறார்கள்.

என் வீட்டில் இந்த வேலையை நானே செய்வேன். ஆனால் நான் ஐ.டி.ஐ. முடித்து பதினாறு வருடமாக சிப்காட்டில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.


மாடிவீட்டு_டீச்சர் | சனி, இரவு 10.50

எல்லோரும் கீசரைப் பார்க்கிறீர்கள். "சம்பந்தமில்லாத இன்னொன்று" என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறதே, எனக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

காரிமங்கலத்தான், மூன்று கேள்வி. வெறுங்காலில் நிற்கும்போது மட்டும் சுர்ரென்கிறதா, செருப்புப் போட்டாலுமா? கிரைண்டர் மட்டுமா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினிலும் உண்டா? கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மற்றதிலும் நின்றுவிடுகிறதா? தயவுசெய்து தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.


காரிமங்கலத்தான் | சனி, இரவு 11.15

கேட்டேன் டீச்சர். செருப்போடு நின்றால் இல்லையாம். கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நின்றால்தானாம். ஃபிரிட்ஜ் கைப்பிடியிலும் அவ்வப்போது உண்டு என்று இப்போதுதான் சொல்கிறார். "அது மாவாட்டற அன்னைக்கு மட்டும்தாண்டா" என்றும் சொன்னார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றால், "பழைய சாமான்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.


பழைய_லைன்மேன் | ஞாயிறு, காலை 5.20

மின்வாரியத்தில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், தர்மபுரியில் இருக்கிறேன். தம்பி, அந்தக் கிரைண்டர் பிளக்கை இப்போதே பிடுங்கி வையுங்கள். இட்லி மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

விஷயம் என்னவென்றால், உங்கள் வீட்டு மூன்று முள் சாக்கெட் எல்லாவற்றிலும் மேலே இருக்கும் பெரிய துளை எர்த். அந்த எர்த் ஒயர்கள் எல்லாம் மெயின் போர்டில் ஒன்றாகச் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கம்பியாக வெளியே போய்க் குழியில் இறங்கும். அந்தக் கடைசிக் கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? கிரைண்டரில் கசிகிற கரண்டுக்கு மண்ணுக்குப் போக வழி இல்லை. ஆனால் எர்த் ஒயர் வழியாக ஃபிரிட்ஜின் உடம்புக்குப் போக வழி இருக்கிறது. எர்த்தே போடாத வீட்டில் கிரைண்டர் மட்டும்தான் அடிக்கும். எர்த் போட்டு, குழிக்குப் போகும் வழியில் அறுந்த வீட்டில் ஒரு சாமானின் கோளாறு எல்லாச் சாமானுக்கும் பங்கு பிரியும். மாவாட்டுகிற அன்றைக்கு ஃபிரிட்ஜ் சுர்ரென்கிறது என்று அம்மா சொல்வது அதைத்தான். அவர் சொன்னதைவிடத் தெளிவாக எந்த மீட்டரும் சொல்லாது.

இனி கீசருக்கு வருவோம். இன்றைக்கு நீங்கள் அதை மாட்டி, பச்சைக்குப் பச்சை என்று எர்த்தையும் ஒழுங்காகச் சேர்த்திருந்தால்? தொட்டி இரும்பு, குழாய் இரும்பு, நடுவில் தண்ணீர். கீசர் புத்தம் புதுசு, அதில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் சமையலறையில் யாராவது கிரைண்டர் போட்ட நேரத்தில் அம்மா ஈரக்காலோடு குளியலறைக் குழாயைத் திருகினால்... மேற்கொண்டு எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இதை நேரில் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நம் பக்கத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றடி தோண்டினால் பாறை இடிக்கும், போர் 1,000 அடி போகும், சித்திரை வைகாசியில் மண் சுண்டிப்போகும். எர்த் குழி என்று ஒன்று கணக்குக்கு இருக்கும், வேலை செய்யாது.


பெங்களூர்_பஸ் | ஞாயிறு, காலை 8.10

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. எர்த் கோணத்தை நான் யோசிக்கவில்லை, சரி. ஆனால் "ஆளைக் கூப்பிடு" என்று சொல்லும்போது எந்த ஆள் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? காரிமங்கலத்தான் வீட்டு எர்த்தைப் போட்டதும் ஒரு எலக்ட்ரீசியன்தானே? அவரே வந்து எர்த் ஒயரை வெட்டவில்லை, ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லையே.

எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். முழு வீட்டுக்கும் வயரிங் செய்தவர் பெரிய பெரிய வீடெல்லாம் செய்தவர். ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றியது. சுவிட்சை அணைத்துவிட்டு, ஏணி வைத்து ஏறி, கண்டன்சரைக் கழற்றப் போனேன். அடித்த அடியில் கீழே கட்டிலில் விழுந்தேன், கட்டில் இருந்ததால் பிழைத்தேன். அப்புறம் பார்த்தால் அந்த அறை முழுக்க சுவிட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் ஒயரில்) போட்டிருக்கிறார். சுவிட்ச் அணைந்தாலும் ஃபேன் வரைக்கும் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) உயிரோடு நிற்கும். அன்றிலிருந்துதான் நானே கற்றுக்கொண்டு செய்கிறேன். கற்றுக்கொண்டதற்கு வருத்தமில்லை.


ஓசூர்_ஷிப்ட் | ஞாயிறு, காலை 8.44

பஸ் அண்ணா, உங்களுக்கு அடித்ததற்கு வயரிங் செய்தவர் பாதிக் காரணம். சுவிட்சை மட்டும் நம்பி ஏணி ஏறியது மீதிப் பாதி. கோபப்படாதீர்கள், நானும் அப்படி வாங்கியவன்தான்.

மெயினை அணைத்தால் போதும் என்று எல்லோரும் எழுதுகிறோம், இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறோம். மெயின் அணைந்ததும் இன்வெர்ட்டருக்கு என்ன தோன்றும்? கரண்ட் போய்விட்டது என்று தோன்றும். உடனே பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை லைட், ஃபேன் லைனுக்கு அனுப்பும். நீங்கள் மெயினை அணைத்துவிட்ட தைரியத்தில் கையை வைப்பீர்கள். இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். மாடியில் சோலார் போட்டவர்கள் அதையும்.

டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று நம்பக் கூடாது. முதலில் கரண்ட் இருக்கிற சாக்கெட்டில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள், முடிந்ததும் திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்தில் வையுங்கள். நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால் அப்போதுதான் தெரியும். கம்பெனியில் இதைச் செய்யாமல் கையை உள்ளே விட்டால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் யார் கேட்கிறார்கள்?


தக்காளித்தோட்டம் | ஞாயிறு, காலை 9.30

பாலக்கோட்டிலிருந்து. வீட்டு வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், தோட்டத்துப் பக்கம் வந்து பாருங்கள். கரண்ட் என்றால் என்ன என்று தெரியாதவனெல்லாம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறான். ரெண்டு பேஸ்தான் வருகிறது என்றால் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுகிறான். அதையாவது விடுங்கள், பன்றிக்கு என்று லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலி போடுகிறான். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில்தான் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டி தப்பித்தது. நான் போய்ப் பார்த்தேன், இன்றைக்கும் கண்ணை விட்டுப் போகவில்லை. "நானே போட்டுக்குவேன்" என்று ஆரம்பிக்கிறது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.


மாங்கொட்டை | ஞாயிறு, காலை 9.41

அண்ணா, அவர் கீசர் மாட்டத்தான் கேட்டார், யானை பிடிக்க இல்லை.


இழைக்_காவல் | ஞாயிறு, காலை 9.55

வேலி விஷயத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே போகலாம். மாங்கொட்டை, போதும்.


காரிமங்கலத்தான் | ஞாயிறு, மதியம் 12.20

எல்லோருக்கும் நன்றி. கிரைண்டர் பிளக்கை நேற்று ராத்திரியே பிடுங்கிவிட்டேன். கீசரையும் தொடவில்லை. ஆனால் எனக்கு மனதில் ஒன்று அரிக்கிறது. நான் என்னதான் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? சுவிட்ச் மாற்றியதும் தப்பா?


பழைய_லைன்மேன் | ஞாயிறு, மதியம் 1.05

தப்பில்லை. இதற்குச் சட்டத்திலேயே கோடு போட்டிருக்கிறார்கள். 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி. பிறகு 2010-இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் அதுவே 29 ஆனது. 2023-இல் அதையும் புதுப்பித்தார்கள். சாரம் ஒன்றுதான்: வீட்டில் புதிதாகச் சேர்ப்பது, மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். அதற்கு ஒரு விலக்கு உண்டு. விளக்கு, ஃபேன், பியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு உட்பட்ட வீட்டுச் சாமான் இவற்றை, இணைப்பின் அளவும் தன்மையும் மாறாதபடி, இருந்ததற்குப் பதில் அதே மாதிரி மாற்றுவது.

நான் கிராமத்தில் சொல்லும்போது இப்படித்தான் சொல்வேன்: கழற்றியதை அப்படியே திரும்ப மாட்டுவது உங்கள் வேலை. இல்லாததைக் கொண்டுவருவது எங்கள் வேலை. 6 ஆம்ப் சுவிட்சுக்கு 6 ஆம்ப் சுவிட்ச் மாற்றினீர்களா, சரி. சின்ன சாக்கெட்டை எடுத்துவிட்டுப் பெரிய சாக்கெட் வைத்தீர்களா, அது பார்க்க மாற்றல் மாதிரி இருக்கும், ஆனால் சேர்ப்பு.

மீட்டர் பெட்டி, அதற்கு முன்னால் வரும் சர்வீஸ் ஒயர், சீல், இதிலெல்லாம் நீங்களும் கை வைக்கக் கூடாது, உங்கள் எலக்ட்ரீசியனும் வைக்கக் கூடாது. அது வாரியத்துடையது. திடீரென்று லைட் ஒன்று பளிச்சென்று எரிந்து இன்னொன்று மங்கினால் கம்பத்தில் நியூட்ரல் விட்டிருக்கலாம். உடனே மெயினை இறக்கிவிட்டு வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் போன் போடுங்கள். ஒவ்வொன்றாக டி.வி. போர்டு எரிந்தபின் போடாதீர்கள்.


பெங்களூர்_பஸ் | ஞாயிறு, மதியம் 1.30

ஐயா, "கழற்றியதை அப்படியே மாட்டுவது" என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் மாடிக்கு ஏ.சி. லைன் இழுத்தது கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்கிறேன். (மாங்கொட்டை ஏதாவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், தோற்றுவிட்டேன்.)


மாடிவீட்டு_டீச்சர் | ஞாயிறு, மாலை 4.15

தோற்றதில்லை சார். நீங்கள் கேட்ட "எந்த ஆள்?" என்ற கேள்விதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

எர்த் குழி புதிதாகப் போட்டாலும் அதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடுகிற ஓம் விதிதான். நம் பாறை மண்ணில் குழி நன்றாக அமைந்து 20 ஓம் தடை என்று வையுங்கள். கிரைண்டர் உடம்பில் பேஸ் முழுசாக முட்டிவிட்டது. 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. விழாது. கரண்ட் மண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கும், கிரைண்டர் உடம்பும் உயிரோடே நிற்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனாலும் ஆபத்து.

இதற்குத்தான் ஆர்.சி.சி.பி. கடையில் சிலர் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் அரை நொடிக்குள் தட்டிவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டாம் என்று விதியும் சொல்கிறது. கடைக்காரர் 100 அல்லது 300 கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள், அது உயிர் காக்கிற அளவு இல்லை.

ஆனால் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் அதற்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு நீங்களும் ஒரு பல்புதான்.


ஓசூர்_ஷிப்ட் | ஞாயிறு, மாலை 5.02

"எந்த ஆள்?" என்பதற்கு என் பதில். சான்று கேளுங்கள். மின்கம்பியாள் தகுதிச் சான்று என்று தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கிறது. இல்லை என்றால் அவர் மோசமானவர் என்று அர்த்தமில்லை, நல்ல கை உள்ள பலருக்கும் அது இல்லை. ஆனால் கேட்டதும் கோபப்படுகிறவரை விட்டுவிடுங்கள்.

அதைவிட எனக்குப் பயன்பட்டது வேறு. வேலையைச் சொல்லிவிட்டு, "அந்தப் பழைய போர்டிலிருந்தே இழுத்துவிடலாமா?" என்று வேண்டுமென்றே அப்பாவியாகக் கேட்பேன். "அதுக்கென்ன, இழுத்துடலாம்" என்பவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். "மெயின்ல இருந்து தனியா வரணும்" என்று சலித்துக்கொள்கிறவரைப் பிடித்துக்கொள்வேன். அப்புறம், அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே இருங்கள். நச்சரிக்க வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வருபவர் ஒருவர், வேலை செய்வது அவர் கூட்டி வந்த பதினேழு வயதுப் பையன் என்பது நம் பக்கத்தில் சகஜம்.


காரிமங்கலத்தான் | வியாழன், இரவு 8.50

ஒரு வழியாக ஆள் வந்தார். பழைய எலக்ட்ரீசியன் இல்லை, காவேரிப்பட்டணத்திலிருந்து வேறொருவர். ஓசூர் அண்ணா சொன்ன அப்பாவிக் கேள்வியைக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீடு வேணுமா வேணாமா?" என்றார். சரி, இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஐயா சொன்னது அப்படியே. மெயின் போர்டிலிருந்து எர்த் கம்பி சுவர் வழியாக இறங்கி, வாசலில் சிமெண்ட் தளத்துக்குள் போகிறது. ஆறேழு வருடத்துக்கு முன் வாசலுக்குத் தளம் போட்டபோது குழியையும் சேர்த்து மூடியிருக்கிறோம். அன்றைக்குக் கொத்தனாருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவனே நான்தான். ஓரத்தைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தால் கம்பி துருப்பிடித்துப் பொடியாகி நிற்கிறது. கையால் தொட்டதும் உதிர்ந்தது. அதுவரை எல்லாச் சாக்கெட்டிலும் எர்த் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

புதுக் குழிக்கு இடம் தேடியதில்தான் அரை நாள் போனது. இரண்டு இடத்தில் பாறை. கடைசியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் தென்னைக்குப் போகிற வழியில் மண் இருந்தது. ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்து மூடினார். கீசருக்கு 2.5 ஸ்கொயரில் தனி லைன். மெயினில் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர்தான், பார்த்து வாங்கினேன். கூலியும் சாமானும் சேர்த்து 9,000 தாண்டிவிட்டது. 1,500-க்கு யோசித்தவன் நான்.

கடைசியில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு 60 வாட் பல்பைப் பிடித்துக் காட்டினார். நன்றாக எரிந்தது. "பாருங்க, எர்த் ஓகே" என்றார்.

கிரைண்டரைத் திறந்து பார்த்ததில் மோட்டாரில் தண்ணீர் இறங்கி வைண்டிங் கசிகிறது. ரீவைண்டிங்குக்குப் போயிருக்கிறது.


ஓசூர்_ஷிப்ட் | வியாழன், இரவு 9.20

நல்ல வேலை. ஒரு சின்ன திருத்தம் மட்டும். பல்பு சோதனையால் எர்த் கம்பி அறுந்திருக்கவில்லை என்று தெரியும், எர்த் நல்லது என்று தெரியாது. எரிகிற 60 வாட் பல்பின் தடையே கிட்டத்தட்ட 880 ஓம். குழியில் 50 ஓம் இருந்தாலும் பல்பு உங்கள் கண்ணுக்கு அதே மாதிரிதான் எரியும். எர்த் டெஸ்டர் என்று தனிக் கருவி இருக்கிறது, அதில் பார்த்தால்தான் எண் தெரியும். ஆர்.சி.சி.பி. இருப்பதால் இப்போதைக்குப் பயமில்லை.

இன்னொன்று, ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு அந்தப் பல்பைப் பிடித்திருந்தால் உடனே தட்டியிருக்க வேண்டுமே. கால் ஆம்பியர் ஆயிற்றே. தட்டவில்லையா?


காரிமங்கலத்தான் | வியாழன், இரவு 9.34

இல்லை அண்ணா. மெயினில் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் பிடித்தாரோ என்னவோ, கவனிக்கவில்லை. அந்தப் பட்டன் ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினால் விழுகிறது.


மாடிவீட்டு_டீச்சர் | வியாழன், இரவு 9.50

'டி' என்று எழுதிய பட்டன். அதை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். நான் கரண்ட் பில் கட்டும் தேதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன், அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் நினைவு வருகிறது.


காரிமங்கலத்தான் | சனி, காலை 7.15

புதுத் தொல்லை. நேற்று ராத்திரியிலிருந்து ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுகிறது. ஹால் லைட்டைப் போட்டால் விழுகிறது. கிரைண்டரே வீட்டில் இல்லை. அப்பா, "இந்த சனியனைக் கழற்றிவிட்டு நேரா குடுத்துடு, பழையபடி நல்லா ஓடும்" என்கிறார். எலக்ட்ரீசியன் போனை எடுக்கவில்லை.


பழைய_லைன்மேன் | சனி, காலை 7.32

கழற்றாதீர்கள். அப்பாவுக்குப் போனைக் கொடுங்கள், வேண்டுமானால் நான் பேசுகிறேன்.

ஹால் லைட் இன்வெர்ட்டர் லைன்தானே? பழைய வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டும்போது அந்த லைனின் நியூட்ரலை எங்காவது பக்கத்து நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருப்பார்கள். பேஸ் ஆர்.சி.சி.பி. வழியாகப் போய் நியூட்ரல் அதைத் தொடாமல் இன்னொரு வழியாகத் திரும்பினால், ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். அது பொய் சொல்லவில்லை, வயரிங்தான் கலந்து கிடக்கிறது. ஹால் லைட் சுவிட்சைப் போடாமல் இருங்கள், அவர் வந்து நியூட்ரலைப் பிரித்துக் கொடுப்பார். அதுவரை அந்த அறையில் டார்ச் பிடித்துக்கொள்ளலாம்.


மாங்கொட்டை | சனி, காலை 8.00

இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த 'டி' பட்டனை முதல் தடவையாக அழுத்திப் பார்த்தேன். விழவில்லை.


ஓசூர்_ஷிப்ட் | சனி, காலை 8.03

மாங்கொட்டை, விளையாட்டில்லை. மெயினில் கரண்ட் இருக்கும்போது அழுத்தினீர்களா? இருந்தும் விழவில்லை என்றால் அது செத்துவிட்டது. மாற்றச் சொல்லுங்கள். மெயின் போர்டு, நீங்களே கை வைக்க வேண்டாம்.


மாங்கொட்டை | சனி, காலை 8.06

கரண்ட் இருந்தது. சரி அண்ணா. அந்தக் காவேரிப்பட்டணத்துக்காரர் நம்பரைத் தனியாக அனுப்ப முடியுமா?


காரிமங்கலத்தான் | திங்கள், இரவு 7.40

வந்தார், சரி செய்தார். ஐயா சொன்ன இடத்திலேயே இருந்தது. ஹாலுக்கும் முன் அறைக்கும் நியூட்ரல் ஒன்றாக முறுக்கிக் கிடந்தது, டேப்கூட ஒழுங்காகச் சுற்றவில்லை. பிரித்ததும் விழுவது நின்றுவிட்டது. இரண்டாவது தடவை வந்ததற்குக் காசு வாங்கவில்லை. குளியலறைக்கு வெளியே அந்தச் சின்ன சாக்கெட் தளர்ந்துபோயிருந்தது. "இதை நீங்களே மாத்திக்கங்க, இதுக்கு நான் எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டேன், இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுத்தான்.

கீசர் ஓடுகிறது. அம்மா இரண்டு நாள் வெந்நீரில் குளித்துவிட்டு, மூன்றாம் நாள் "விறகு வெந்நீர் மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் ஐயா. எர்த் குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அம்மா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுகிறார். பரவாயில்லையா?


பழைய_லைன்மேன் | செவ்வாய், காலை 5.10

தினமும் வேண்டாம், வெயில் காலத்தில் வாரத்துக்கு இரண்டு குடம் போதும். துவைக்கிற தண்ணீர் வேறு போகிறது. அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்கு வைக்கச் சொல்லுங்கள்.